திரும்பி வரும் வண்டி

நெடுந்தீவுக்குப் போய்வந்தவர்களிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அனேகமாக ஒரே பட்டியல்தான் வரும். ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், குதிரைகள், வளரும் கல். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவில் பார்க்க இவ்வளவுதான் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. மேற்கே வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடிபாடு இருக்கிறது. சாராப்பிட்டியில் பழைய கிணறுகள் இருக்கின்றன. முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கு நடுவே ஒரு நாள் முழுக்க நடக்கலாம். ஆனால் காலையில் குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணித்தியாலக் கடலைத் தாண்டி, மாவிலித்துறையில் இறங்குகிறவருக்குக் கையில் இருப்பது சில மணித்தியாலம்தான். பிற்பகல் படகை விட்டால் அன்றிரவு தீவில்தான். இறங்குதுறையில் காத்து நிற்கும் ஓட்டோக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். எந்த இடத்தைக் காட்டப்போகிறார் என்பதைச் சொல்வதற்கு முன்பே "படகுக்கு முன்னம் கொண்டுவந்து விடுறன்" என்கிறார். அந்த வாக்குறுதிக்குள் அடங்குகிற இடங்கள்தான் நெடுந்தீவின் 'பார்க்க வேண்டிய இடங்கள்' ஆகியிருக்கின்றன. அடங்காதவை ஊர்க்காரருக்கு மட்டும் உரியவையாக மிஞ்சிவிட்டன.

பொழுதுபோக்குப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகப் போகும் வழியைப் பற்றியே எழுதுகிறார்கள். பாதை போட்டார்கள், பாலம் கட்டினார்கள், ரயில் வந்தது, ஆட்கள் வந்தார்கள் என்பதே கதையின் ஒழுங்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. இங்கே தூரம் ஒரு பெரிய விடயமே அல்ல. யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை 20 கிலோமீற்றருக்குள். பருத்தித்துறை 35 கிலோமீற்றருக்குள். ஏற வேண்டிய மலையில்லை, கடக்க வேண்டிய பேராறும் இல்லை. சைக்கிள் மிதிக்கத் தெரிந்த எவரும் காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் ஏதாவதொரு கடலைத் தொட்டுவிடலாம். போவது எளிது. எப்போது, எதில், யாருடைய துணையில் வீடு திரும்புவது என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குடாநாட்டு மக்கள் எங்கே போய் மகிழ்ந்தார்கள், எவ்வளவு நேரம் மகிழ்ந்தார்கள், யார் போக முடியாமல் வீட்டில் இருந்தார்கள் என்பவற்றையெல்லாம் இந்தத் திரும்பும் வண்டியை வைத்து வாசித்தால் பல விடயங்கள் தெளிவாகின்றன.

மாட்டுவண்டிக் காலத்தில் அன்றைக்கே திரும்புவது என்ற எண்ணமே பெரும்பாலும் இல்லை. பருத்தித்துறையில் இன்றும் நிற்கிற தெருமூடி மடத்தைப் பாருங்கள். தெரு கட்டிடத்துக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. இரண்டு பக்கமும் கல்தூண்கள், ஆள் படுத்துறங்கக்கூடிய உயரமான திண்ணைகள், மேலே கூரை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்குகிறவன் தெருவை விட்டு விலகாமலே தங்கிவிடலாம். குடாநாட்டின் பழைய தெருக்களில் சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், கேணி, மடம் என்று ஒரு தொடர் இருந்தது. மனிதனுக்கும் மாட்டுக்கும் எங்கே களைக்கும் என்று கணக்குப் பார்த்து வைத்தவை அவை. கீரிமலையிலே சிறாப்பர் மடம் உட்படப் பல மடங்கள் இருந்ததற்கும் இதுவே காரணம். ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாட வந்த குடும்பம் பிதிர்க்கடன் கழித்து, சமைத்துச் சாப்பிட்டு, ஓர் இரவு கடற்காற்றில் படுத்து, மறுநாள்தான் வண்டி பூட்டியது. கடமைக்கு வந்த இடத்தில் ஓய்வும் கிடைத்தது, மாடு நடக்கும் வேகம் அப்படி.

கத்தரிக்காய்க்குப் பேர்போன மட்டுவிலில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலின் பங்குனித் திங்களும் அப்படித்தான். தென்மராட்சிக்கு வெளியிலிருந்தும் வண்டிகள் பானை, விறகு, அரிசி, மரக்கறி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வரும். பொங்கலோடு முடியாமல் சோறு கறியும் ஆகி, மரநிழலில் பந்தி நடந்து, பிள்ளைகள் கேணியடியில் விளையாடி, வெயில் தாழ்ந்த பின்புதான் திரும்புவார்கள். உறவினரைக் காண்பதும் கலியாணப் பேச்சைத் தொடங்குவதும் இந்த நீண்ட பகலுக்குள் நடந்தன. இன்றைக்கும் பங்குனித் திங்கள் நடக்கிறது, கூட்டமும் குறையவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் வருகிற குடும்பம் பொங்கிப் படைத்து, பத்து மணிக்குள் வீட்டுக்குப் போய்விடுகிறது. வண்டியும் மாடும் பொழுதுபோக்காக மட்டும் எஞ்சியிருப்பது சவாரித் திடலில்தான். சோடி மாடு பூட்டிய வண்டிகள் புழுதி கிளப்ப ஓடுவதைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.

ரயில் 1902 மார்ச்சில் முதலில் குடாநாட்டுக்குள் மட்டும் ஓடியது, காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிவரை. தெற்கோடு இணையாத, கடல்வழியே பெட்டிகள் கொண்டுவரப்பட்ட ஒரு தனி ரயில். அந்த இடைக்காலத்தின் விசித்திரத்தை லெனாட் வூல்வ் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார். 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பயிற்சி உத்தியோகத்தராக வந்தபோது அனுராதபுரம்வரை ரயிலிலும், அங்கிருந்து காட்டுவழியே தபால் வண்டி என்ற பெயர்கொண்ட மாட்டுவண்டியிலும், ஆனையிறவிலிருந்து மறுபடி ரயிலிலும் வந்துசேர்ந்தார். சாமான்களோடு வோல்ட்டேயரின் 90 தொகுதிகளும் ஒரு நாயும் சேர்ந்தே வந்தன. அந்த வண்டியில் பயணிகளுக்கென்று ஆசனம் இல்லை, தபால் மூட்டைகளின் மேல்தான் படுக்க வேண்டும். அதே ஆண்டிலேயே பாதை முழுதாக இணைந்து, கொழும்பிலிருந்து ஒரே ரயிலில் யாழ்ப்பாணம் வர முடிந்தது. வூல்வ் சில மாதம் பிந்தி வந்திருந்தால் அவருடைய நூலில் ஒரு நல்ல அத்தியாயம் குறைந்திருக்கும்.

இங்கிலாந்தில் தோமஸ் குக் 1841-இல் லெஸ்டரிலிருந்து லவ்பரோவுக்கு மதுவிலக்குக் கூட்டத்துக்கென ஒரு ரயிலை வாடகைக்கு எடுத்து ஆட்களைக் கூட்டிப்போனதில் நவீன சுற்றுலா தொடங்கியது என்பார்கள். காலையில் போய் மாலையில் திரும்புவது என்பதுதான் அவர் விற்ற சரக்கு. யாழ்ப்பாணத்து ரயில் வேறு வகையான விடுமுறையை உண்டாக்கியது. இங்கே ரயிலில் ஏறியவர்கள் கடற்கரைக்குப் போகவில்லை, வீட்டுக்கு வந்தார்கள். கொழும்புக் கந்தோர்களில் கிளாக்கராக இருந்தவர்களின் சம்பளம் மணியோடராக ஊருக்கு வந்தது, அவர்கள் தவணைக்கு ஒருமுறை வந்தார்கள். அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆண்டுக்கு மூன்று தடவை குடும்பத்தோடு இலவசமாக ரயிலில் போய்வர விடுமுறை வொறண்ட் உண்டு. அந்த மூன்று கடதாசிகள் ஒரு தலைமுறையின் விடுமுறைக் கலண்டரையே வகுத்தன என்று சொல்லலாம். ஒன்றை நல்லூர்த் திருவிழாவுக்கு ஒதுக்கினால் மற்றொன்று சித்திரைக்கோ நத்தார் விடுமுறைக்கோ போகும். மிஞ்சிய ஒன்றில்தான் கதிர்காமமும் கண்டியும் நுவரெலியாவும். உல்லாசப் பயணம் என்பது உத்தியோகத்தின் ஒரு சலுகையாகவே பல குடும்பங்களுக்கு அறிமுகமானது. உத்தியோகமில்லாத கமக்காரனும் மீன்பிடிக்கிறவனும் இந்தக் கணக்குக்கு வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1956 ஏப்ரல் 23-இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது பகலிலேயே போய்ச் சேர முடிந்தது. இரவு மெயிலில் தூங்கிக்கொண்டு கடந்த வன்னி அதனால் கண்ணுக்குத் தெரிந்தது. காடு, குளம், முறிகண்டி, ஆனையிறவு உப்பளம் எல்லாம் யன்னல் வழியே காட்சிகளாயின. சாப்பாட்டுப் பொதியை எந்த ஸ்டேசனில் அவிழ்ப்பது என்பது வரைக்கும் பயணம் ஒரு வழக்கமாகிவிட்டது. பழைய ஆட்கள் யாழ்தேவி என்று சொல்லும்போது குரல் இளகுவதற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல.

1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. சிவப்பு பஸ்ஸோடு நேரசூசியும் வந்தது, நேரசூசியோடு கடைசி பஸ்ஸும் வந்தது. வின்சர், ராணி, மனோகரா போன்ற யாழ் நகரத் தியேட்டர்களுக்குப் பின்னேரக் காட்சி பார்க்க வடமராட்சியிலிருந்து வருகிறவர்கள் படத்தின் உச்சக்கட்டத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்த கதைகளை அந்தத் தலைமுறையிடம் இன்றும் கேட்கலாம். இரண்டாம் காட்சி நகரத்தாருக்கும், சைக்கிளில் கூட்டமாக வந்த இளந்தாரிகளுக்கும், கார் வைத்திருந்தவர்களுக்கும் உரியது. நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் தனித் தியேட்டர்கள் நடந்ததற்கு ஊர்ப் பெருமை ஒரு காரணம் என்றால், கடைசி பஸ் இன்னொரு காரணம்.

பஸ் போகாத நேரத்தையும் பஸ் ஏற்றாத பொருளையும் தட்டிவான் பார்த்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஃபோர்ட், செவர்லே லொறிகளின் அடிச்சட்டத்தில் மரத்தால் கூடு கட்டி, பக்கங்களைத் திறந்துவிட்டு, குறுக்கே பலகை போட்ட வாகனம். பின்பக்கத் தட்டியைக் கீழே இறக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டால் மூட்டைகளும் சைக்கிள்களும் ஆட்களும் அதில் ஏறும். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே அது ஓடிய காலம் நீண்டது. சந்தைக்குத் தேங்காயும் வாழைக்குலையும் கொண்டுபோன அதே தட்டிவான்தான் வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தத்துக்கும் செல்வச்சந்நிதிக்கும் ஊர்ச்சனத்தை அள்ளிக்கொண்டு போனது. வாடகைக்கு அமர்த்தினால் அது நம் சொற்படி நிற்கும், ஆட்கள் எல்லோரும் ஏறும்வரை காத்திருக்கும். திரும்பும் நேரத்தை ஊரே சேர்ந்து தீர்மானிக்க முடிந்த வாகனம் என்ற வகையில் அதற்கு ஈடாக வேறொன்று பிறகு வரவில்லை. கொஞ்சம் வசதியுள்ளவர்களுக்கு ஏ-40 கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு காரைப் பிடித்துப் பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குப் போய்க் கசூரினாக் கடற்கரையில் குளித்துவிட்டு வருவது நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் ஆகப்பெரிய ஆடம்பரம். கார் வாடகையைப் பங்குபோட இரண்டு குடும்பம் சேர்ந்தே போவார்கள், ஒரு காரில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை இங்கே எழுதாமல் விடுவது நல்லது.

பிறகு வந்த போர் ஆண்டுகளில் இவையெல்லாம் ஒவ்வொன்றாக அற்றுப்போயின. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் நெடுந்தீவுப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஆனையிறவு அடைபட்டதால் கிளாலியிலிருந்து இரவில் கடல்நீரேரியைக் கடப்பதே வெளியே போகும் வழியாயிற்று. படகுகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்து முன்னால் ஒரு இயந்திரப் படகு இழுக்கும், அதிலும் சுடுபட்டுச் செத்தவர்கள் பலர். அப்போது குடாநாட்டை விட்டு வெளியேறப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு ஆள்பிணை நிற்க வேண்டும். 1996-க்குப் பிறகு படையினரிடம் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. திரும்பி வருவது என்பது அவரவர் வசதியாக இருந்த நிலைபோய், அதிகாரத்துக்குக் கொடுக்கும் வாக்குறுதியாக மாறியிருந்தது. அந்தக் காலத்தில் உல்லாசப் பயணம் என்று ஒருவர் வாய்திறந்திருந்தால் கேட்டவர் சிரித்திருப்பார்.

ஆனாலும் சனம் போய்வந்தது. பெற்றோல் தடைசெய்யப்பட்ட அந்த ஐந்தாண்டுகளில் குடாநாடு மண்ணெண்ணெயில் ஓடியது. மோட்டார் சைக்கிளோ பழைய மொறிஸ் மைனரோ, சின்னப் போத்தலில் பொக்கிசம்போல வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, இயந்திரம் சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் கண்ணெரிவும் சேர்ந்தே வரும். அதனால் வாகனத்தில் போவது அவசரத்துக்கு மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள். நோயாளியையும் விறகையும் ஏற்றிய சைக்கிள் அதே கரியரில் மனைவியையும் முன்பாரில் பிள்ளையையும் ஏற்றி நல்லூருக்குப் போனது. மின்சாரமில்லாத வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிப் பாட்டும் கேட்டார்கள். பெண்பிள்ளைகள் தூர இடங்களுக்கு ரியூசனுக்கும் கோயிலுக்கும் சைக்கிளில் தனியே போய்வருவது பழகிய காட்சியானதும் அந்த ஆண்டுகளில்தான் என்பது என் எண்ணம். வறுமையும் முற்றுகையும் சேர்ந்து கொடுத்த ஒரு சுதந்திரம் அது. சமாதான காலத்தில் யாரும் அதைத் திரும்பப் பிடுங்கவில்லை.

2002-இல் ஏ-9 வீதி திறந்தபோது முதன்முதலில் வெளிநாட்டுத் தமிழரும் தெற்கத்திய யாத்திரிகரும் ஒரே வீதியால் வந்தார்கள். 2006 ஓகஸ்ட் 11-இல் அது மறுபடி மூடியது. போர் முடிந்து கட்டுப்பாடு தளர்ந்த 2010-இலிருந்து வந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால் முன்னது ஒரு ஒத்திகைதான். காலி, மாத்தறை, குருநாகல் என்று எங்கிருந்தெல்லாமோ புறப்பட்ட பஸ்கள் இரவிரவாக ஓடி விடியற்காலையில் யாழ்ப்பாணத்தை அடைந்தன. அவற்றின் இலக்கு நயினாதீவு நாகவிகாரை. புத்தர் வந்து மிதித்ததாக மகாவம்சம் சொல்லும் இடம் என்பதால் அவர்களுக்கு அது வாழ்நாள் யாத்திரை. ஆனால் ஒரு பஸ்ஸை இரண்டு மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தவர்கள் ஒரே இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்களா? மாதகல் சம்பில்துறை, கந்தரோடை, நிலாவரைக் கிணறு, கீரிமலை, நல்லூர், கோட்டை என்று ஒரு சுற்று தானாக உருவாயிற்று. இந்த இடங்களுக்குள் பொதுவானது ஒன்றுண்டு. பெரிய பஸ் போய்த் திரும்பக்கூடிய வீதி இருக்கிறது. ஒழுங்கைக்குள் இருக்கும் பழைய மடங்களும் நாற்சார் வீடுகளும் அந்தச் சுற்றில் இடம்பெறவில்லை.

அந்த பஸ்களுக்குள் அரிசி, பருப்பு, சட்டிபானை, சமையற்காரர் எல்லாம் இருந்தன. வீதியோரத்தில் சமைத்து, விகாரை மண்டபத்திலோ பஸ்ஸுக்குள்ளேயோ படுத்து எழும்பிப் போனார்கள். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் பனங்கட்டியும் ஒடியலும் திராட்சைப்பழமும் விற்றதோடு சரி. இதை அந்த யாத்திரிகரின் கஞ்சத்தனம் என்று இங்கே சிலர் பேசியது எனக்கு ஒப்பாது. நம் ஆட்கள் கதிர்காமத்துக்கு வான் பிடித்துப் போகும்போதும் இடியப்பப் பொதியும் கட்டுச்சோறுமாகத்தானே போகிறோம். வாடகை பஸ் தன் வயிற்றுக்குள்ளேயே வீட்டையும் கொண்டுவருகிற வாகனம். ரயிலிலும் விமானத்திலும் வருகிறவருக்குத்தான் கட்டிலும் சாப்பாடும் ஓட்டோவும் தேவை. யாழ்ப்பாண ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பெரிய ஹோட்டல் எழுந்ததை வைத்தும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஏ-9 வீதியால் வருகிற எல்லா வாகனமும் நிற்கிற இடம் ஒன்று உண்டு. முறிகண்டிப் பிள்ளையார் கோயில். தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் சரையொன்றை வாங்கிக்கொண்டு ஏறாமல் எந்தச் சாரதியும் அந்த இடத்தைக் கடக்கத் துணியமாட்டார். இராணுவ வாகனமும் நிற்கும், சிங்கள யாத்திரிகர் பஸ்ஸும் நிற்கும். வெள்ளவத்தையிலிருந்து இரவு சொகுசு பஸ்ஸில் வருகிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கிக் காலை நீட்டுவதும் அங்கேதான். ஆனையிறவில் படையினர் நாட்டிய நினைவுத்தூணும், போரில் புலிகள் ஓட்டிவந்த, உருக்குத்தகடு போர்த்திய புல்டோசரும் அரசாங்கத்தின் செலவில் உருவான தரிப்பிடங்கள். தெற்கத்திய பஸ்கள் அங்கே படமெடுக்க நிற்கும். உள்ளூர் வான் நிற்காமல் போகும். யார் எங்கே இறங்குகிறார்கள் என்பதிலேயே இரண்டு வரலாறுகள் தெரிகின்றன.

ரயில் 2014 ஒக்டோபர் 13-இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டது. இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் போட்ட பாதை அது. ரயிலையே கண்டிராத இருபது வயதுக்காரர்கள் நிலையத்தில் முண்டியடித்தார்கள். அதே மாதத்தில்தான் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுள்ளவர் வடக்குக்கு வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதியும் திரும்ப வந்தது. கனடாவிலிருந்து தாய் தகப்பனைப் பார்க்க வந்தவர் ரயில் டிக்கெட் இருந்தும் ஓமந்தையில் கடதாசி நீட்ட வேண்டியவரானார். 2015 ஜனவரியில் ரயில் காங்கேசன்துறைவரை நீண்டது, ஆட்சி மாறியதும் அந்த அனுமதி விதியும் போயிற்று.

இவ்வளவு பெரிய மாற்றங்களுக்கு நடுவே உள்ளூர்ச் சனத்தின் மாலைப் பொழுதை மாற்றியது ரயிலோ சொகுசு பஸ்ஸோ அல்ல, தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிள். பண்ணைப் பாலத்தடியில் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். ஒரு காலத்தில் தீவுகளுக்குப் போகிற வழி மட்டுமாக இருந்த வீதி இப்போது போய்ச் சேர்கிற இடமாகிவிட்டது. மோட்டார் சைக்கிளை ஓரத்தில் நிறுத்தி, அதன் ஆசனத்திலேயே அமர்ந்து, கடலைக்காரரிடம் வாங்கிக் கொறித்தபடி சூரியன் கடல்நீரேரியில் இறங்குவதைப் பார்க்கிறார்கள். வாங்கு வேண்டாம், வாசல் கட்டணம் வேண்டாம். ஸ்கூட்டியில் வருகிற பெண்கள் இருவர் மூவராக வந்து நின்றுபேசிவிட்டுப் போகிறார்கள். முன்பு தகப்பனோ தமையனோ கூட்டிப்போக வேண்டிய தூரம் அது. ஆனாலும் மைம்மலோடு அந்தப் பகுதியில் பெண்கள் குறைந்துவிடுகிறார்கள். தெருவிளக்கு, ஊர்வாய், வீட்டுக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்து அவர்களுக்கென்று ஒரு கடைசி பஸ்ஸை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

சொந்த வாகனம் இல்லாதவருக்கு இன்னமும் பஸ் ஓடும் வீதிதான் உலகம். வேலணைச் சாட்டிக் கடற்கரையையும் வடமராட்சி கிழக்கில் மணற்காட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சாட்டி, குறிகட்டுவானுக்குப் போகும் பஸ் பாதைக்கு அருகே இருக்கிறது. கடலில் குளித்துவிட்டு நன்னீரில் கழுவிக்கொள்ளக் கிணறும் உண்டு. ஞாயிறு என்றால் பாடசாலைப் பிள்ளைகளும் குடும்பங்களும் நிறைந்துவிடுவார்கள். மணற்காட்டிலோ காற்று குவித்த மணற்குன்றுகளும் சவுக்குத் தோப்பும் மணலில் பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்களும் இருக்கின்றன. இலங்கையிலேயே அதுபோன்ற காட்சி குறைவு. இருந்தும் வேலைநாளில் அங்கே போனால் மீனவரைத் தவிர ஆளில்லை, ஏனென்றால் மாலையில் திரும்ப பஸ் கிடைக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்பால் சுண்டிக்குளத்துப் பறவைகளைப் பார்க்க வாகனம் வைத்திருப்பவரும் கமெரா வைத்திருப்பவருமே போகிறார்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு என்று பறவைகள் சொல்லக்கூடும்.

2022-இல் எரிபொருள் நெருக்கடி வந்து, கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, மண்ணெண்ணெய்க் காலத்தைக் கண்டவர்கள் அதிகம் பதறவில்லை. கோடிக்குள் கிடந்த சைக்கிள்களுக்குக் காற்றடித்தார்கள். பண்ணைக்குப் போகிற கூட்டம் குறைந்தது, சொந்த ஊர்க் கோயிலுக்கும் பக்கத்துக் கடற்கரைக்கும் போகிறவர்கள் கூடினார்கள். நான்கு லீற்றரில் முதலில் வேலை, அடுத்தது ஆஸ்பத்திரி, மிஞ்சினால் உலா.

கடலுக்கு அப்பால் போகும் வழியும் இதே காலத்தில் மாறியது. தமிழகக் கரை இங்கிருந்து மிகக் கிட்ட. ஆனால் 1914-இல் தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பல் இணைப்பு வந்த பின் யாழ்ப்பாணத்தவர் வடக்கே இருக்கும் அந்தக் கரைக்குப் போக முதலில் தெற்கே மதவாச்சிக்கு ரயிலில் இறங்கி, அங்கிருந்து மேற்கே தலைமன்னாருக்குப் போக வேண்டியிருந்தது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. எஞ்சிய இராமேஸ்வரக் கப்பலும் 1984-இல் நின்றது. அதன்பின் சென்னைக்குப் போகிறவர் இரவு முழுக்கக் கட்டுநாயக்காவுக்கு பஸ்ஸில் போய் விமானம் ஏறினார். 2019 ஒக்டோபர் 17-இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, இடையில் பெருந்தொற்றில் மூடி, 2022 டிசெம்பரில் சென்னைச் சேவை மீண்டபோது அந்த ஓர் இரவுப் பயணம் ஒன்றேகால் மணித்தியாலமாகச் சுருங்கியது. 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் விமானம் தொடங்கிற்று. கலியாணச் சேலை வாங்க ரி.நகருக்கும் நேர்த்தி தீர்க்கத் திருவரங்கத்துக்கும் மூன்று நாளில் போய்வரலாம் என்பதால் இவை இப்போது விடுமுறைப் பயணங்களாகிவிட்டன. ஓடுபாதை நீளம் போதாமையால் வருவது சிறிய ரக விமானம், அதனால் பொதி அளவாகத்தான். சேலை வாங்கப் போகிறவர்களுக்கு இது சிறிய குறையல்ல.

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபர் 14-இல் செரியபாணி என்ற பெயரில் தொடங்கி, சில நாளிலேயே பருவக்காற்றால் நின்றது. 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் ஆரம்பித்தது. கடல் அனுமதித்தால் நான்கு மணித்தியாலப் பயணம். பொதி கூடக் கொண்டுவரலாம் என்பதால் வியாபாரிகளுக்கு நல்ல வழி. நாகபட்டினத்திலிருந்து சிதம்பரமும் தூரமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துச் சைவர் காலங்காலமாகச் சிதம்பரம் போக விரும்புவது மார்கழித் திருவாதிரைக்கு. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களும் அவையே, கப்பல் துறையில் நிற்கும் மாதங்களும் அவையே. வல்வெட்டித்துறையிலிருந்தும் காங்கேசன்துறையிலிருந்தும் பாய்த்தோணியில் போனவர்களுக்கும் இந்தக் காற்றுத்தான் இடைஞ்சலாக இருந்தது. சோளகத்தில் போய்ச் சேர்ந்தவர் திருவாதிரை கண்டு, கடல் தணியும்வரை அங்கேயே இருந்து திரும்ப வேண்டும். சிதம்பரத்தில் யாழ்ப்பாணத்தவர் இத்தனை மடங்களைக் கட்டிவைத்ததற்குப் பக்தியோடு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இப்போது திருவாதிரைக்குப் போகிறவர் திருச்சி விமானத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார், திரும்பும் திகதிக்கும் சேர்த்தே டிக்கெட் போடுகிறார். மடத்தில் தங்குவதற்கு அவருக்கு நேரமில்லை.